குளிக்கலாமா என்று கடலைக் கேட்பது எப்படி?

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குக் கடல் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கூட்டம் பழவேற்காட்டுக்குப் போகும். இன்னொரு கூட்டம் எண்ணூருக்கு. காணும் பொங்கல் என்றால் புறநகர் ரயிலேறி மெரினாவுக்கே போய்விடுவார்கள். மணலில் கால் வைத்ததும் பிள்ளைகள் கேட்பது ஒன்றைத்தான்: "தண்ணில இறங்கலாமா?" பெரியவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், வாடையை மோந்து பார்ப்பார்கள், ஒரு முடிவு சொல்வார்கள். ஆனால் இந்த விஷயத்தில் கண்ணும் மூக்கும் நம்பத் தகுந்த சாட்சிகள் அல்ல.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் ஓரிரவு அலைகள் நீல ஒளியோடு உடைந்தன. பார்த்தவர்களில் பலர் பயந்துபோனார்கள். காரணம், நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அலை குலுக்கும்போதெல்லாம் அது மின்னுகிறது. நம்மை நோக்கி நஞ்சு சுரக்கும் உயிரி அல்ல. அதே ஆண்டின் மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம், மெரினா கரையில் வெண்ணுரை முழங்காலளவு குவிந்தது. பிள்ளைகள் அதில் உருண்டு விளையாடினார்கள்; வீட்டார் போட்டோ எடுத்தார்கள். மழை வெள்ளத்தோடு கடலுக்கு வந்த கழிவுநீரையும் சோப்புத்தூளையும் அலை கடைந்து எடுத்த நுரை அது. தீங்கில்லாததைக் கண்டு பயந்தோம். ஒதுங்க வேண்டியதைக் கொண்டாடினோம்.

சரி, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே? பார்த்தால் தலை சுற்றும். கரையோரக் கடல்நீரில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. வைரஸ்கள் அதைப் போலப் பத்து மடங்கு. நல்ல, ஆரோக்கியமான கடலின் கணக்கே இதுதான். இவற்றில் மிகப் பெரும்பாலானவை உப்புநீரில் பிறந்து உப்புநீரிலேயே சாகிறவை. நம் உடம்புக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை. ஆகவே எத்தனை கிருமி என்று எண்ணிப் பயனில்லை. எங்கிருந்து வந்த கிருமி என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வி எளிமையாகத் தோன்றினாலும், இதற்கு விடை காணும் வழியைக் கண்டுபிடித்ததுதான் இந்தத் துறையின் மிக அழகான சாதனை.

குளிக்கிறவர்களுக்கு நோய் தரக்கூடியவை பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்து வருகின்றன: டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ்-ஏ, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும் நோரோவைரஸ். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினால் முடிவே இராது. இன்று நீரில் இருக்கும், நாளை இருக்காது. சிலவற்றை ஆய்வகத்தில் வளர்ப்பதே பெரும்பாடு. அதனால் விஞ்ஞானிகள் நோய்க்கிருமியைத் தேடுவதை விட்டுவிட்டு, அது பயணம் செய்யும் வாகனத்தைத் தேடினார்கள். மியூனிக்கில் குழந்தை மருத்துவரான தியடோர் எஷெரிக் 1885-ல் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவை அடையாளம் கண்டு எழுதினார். இன்று அது அவர் பெயரால் எஷெரிக்கியா கோலை, சுருக்கமாக ஈ.கோலை என்று வழங்குகிறது. நம் எல்லோர் குடலிலும் அது இருக்கிறது. அதன் பெரும்பாலான வகைகள் சாதுவானவை. கடலில் அது தென்பட்டால், குடலிலிருந்து வந்த ஏதோ ஒன்று அந்த நீரில் கலந்திருக்கிறது என்று பொருள். தான் கெடுதல் செய்யாமல், கெடுதல் வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும் இப்படிப்பட்ட உயிரிக்குச் சுட்டுயிரி என்று பெயர்.

சுட்டுயிரி எவ்வளவு இருக்கலாம்? சுத்திகரிக்காத சாக்கடை நீரில் 100 மில்லிக்கு 1 கோடி வரை இவ்வகை பாக்டீரியாக்கள் இருக்கும். குளிப்பதற்குரிய கடல்நீரில் 100 மில்லிக்கு 100 என்பது இந்தியாவின் வரம்பு. கோடியை நூறாக்க 1 லட்சம் மடங்கு நல்ல நீர் கலக்க வேண்டும். அதாவது ஒரே ஒரு தம்ளர், 200 மில்லி சாக்கடை நீரை வரம்புக்குள் கொண்டுவர 20,000 லிட்டர் தேவை: தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரிகள் இரண்டு. இதற்கே இரண்டு லாரி என்றால், ஓர் ஓடை முழுக்கக் கடலில் கலக்கும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த 100 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு பகுப்பு இருக்கிறது. இந்தியச் சட்டம் கரையோரக் கடல்நீரை அதன் பயன்பாட்டைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரிக்கிறது. உப்பளம், சிப்பி வளர்ப்பு, உயிர்ச்சூழல் காக்க வேண்டிய பகுதிகள் முதல் வகை. குளியலும் நீச்சலும் இரண்டாம் வகை. தொழிற்சாலைகள் குளிர்விக்க எடுக்கும் நீர் மூன்றாவது. துறைமுகம் நான்காவது. கப்பல் வழியும் கட்டுப்பாட்டோடு கழிவு விடும் இடமும் ஐந்தாவது. தாளில் இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையிலான கரையை நினைத்துப் பாருங்கள். பறவைகள் வரும் உப்பங்கழி, உப்பளம், மீனவர் குப்பங்கள், பிள்ளைகள் குளிக்கும் மணல், அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம் ஒரே கரையில் தோளோடு தோள் நிற்கின்றன. ஐந்து வகை நீரும் ஒன்றோடொன்று கலப்பதை எந்த அரசிதழ் அறிவிப்பாலும் தடுக்க முடியாது.

இனி அந்த நூறை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்ப்போம். மாதிரி எடுப்பவர் நுண்ணுயிர் நீக்கிய புட்டியோடு இடுப்பளவு நீரில் இறங்குவார். நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் புட்டியின் வாயைத் திறப்பார். திசை ஏன் முக்கியம்? தன் கையிலும் உடம்பிலும் இருக்கும் பாக்டீரியாக்களும், தன் கால் கிளப்பிவிட்ட மணலும் புட்டிக்குள் போகக் கூடாது. பிறகு புட்டி ஐஸ் பெட்டிக்குள் போகும். ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதித்தால் உள்ளே இருப்பவை சாகும் அல்லது பெருகும், எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

ஆய்வகத்தில் 15 கண்ணாடிக் குழாய்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றிலும் பால் சர்க்கரை சேர்ந்த சத்துநீர். ஐந்து குழாய்களில் 10 மில்லி கடல்நீர், ஐந்தில் 1 மில்லி, ஐந்தில் 0.1 மில்லி. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தலைகீழாக ஒரு குட்டிக் குழாய் கவிழ்ந்திருக்கும். அது 1898-ல் ஹெர்பர்ட் டர்ஹம் செய்த யோசனை. குடல் பாக்டீரியா சர்க்கரையைத் தின்றால் வாயு விடும். வாயு அந்தக் குட்டிக் குழாயின் உச்சியில் குமிழியாகச் சிக்கும். நுண்ணோக்கி வேண்டாம். வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒரு குமிழி, கண்ணுக்குத் தெரியாத உயிரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் மண்ணிலும் செடியிலும் வாழும் சில பாக்டீரியாக்களும் இதே போல வாயு விடும். அவற்றைக் கழிக்க அடுத்த உத்தி, வெப்பம். குமிழி காட்டிய குழாய்களிலிருந்து சிறிது எடுத்துப் புதுச் சத்துநீரில் இட்டு, 44.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நாள் வைப்பார்கள். வெதுவெதுப்பான குடலுக்குப் பழகியவை அந்தச் சூட்டிலும் வளரும். மண்ணில் வாழ்பவை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சூடு 0.2 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. இந்தச் சூட்டைத் தாண்டியவையே ஈ.கோலை உள்ளிட்ட மலக் கோலிஃபார்ம்கள். நாம் கேட்ட நூறு, இவற்றின் நூறுதான்.

இந்தக் கட்டத்தில் உயிரியல் ஒதுங்கிக் கணிதம் முன்னால் வருகிறது. குழாயில் குமிழி வந்தால் ஒரு பாக்டீரியா இருந்ததா, ஓராயிரம் இருந்ததா என்று தெரியாது. ஆனால் நீரைக் குறைத்துக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் குமிழிகள் நிற்கின்றன என்பதிலிருந்து தொடக்கத்தில் எத்தனை இருந்திருக்கும் என்று நிகழ்தகவால் ஊகிக்கலாம். 1915-ல் மக்ரேடி என்பவர் இந்தக் கணக்கை வகுத்தார். அதில் கிடைக்கும் எண்ணுக்கு மிகச் சாத்தியமான எண்ணிக்கை என்று பெயர். ஓர் எடுத்துக்காட்டு: 10 மில்லி குழாய்கள் ஐந்திலும் குமிழி, 1 மில்லி குழாய்களில் மூன்றில் குமிழி, 0.1 மில்லியில் ஒன்றிலும் இல்லை. அட்டவணை சொல்லும் விடை 79. நீர் வரம்புக்குள் இருக்கிறது. 1 மில்லி குழாய்களில் இன்னும் ஒன்றே ஒன்றில் குமிழி வந்திருந்தால் விடை 130. வரம்பைத் தாண்டியாயிற்று. 79 என்று வந்தாலும், உண்மை எண் அதில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம், இரு மடங்குக்கு மேலாகவும் இருக்கலாம். ஒரே ஒரு நாள் அறிக்கையைக் காட்டி "கடல் சுத்தம்" என்றோ "கடல் நாசம்" என்றோ சொல்கிறவர்களை நம்புவதற்கில்லை. வருடம் முழுக்க எடுத்த மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. நம் சட்டமும் ஆண்டில் எத்தனை சதவீத மாதிரிகள் 200-ஐத் தாண்டலாம் என்று பார்க்கிறது.

குழாய்கள் குமிழி விட ஒன்றிரண்டு நாள், சூட்டுச் சோதனைக்கு ஒரு நாள். சனிக்கிழமை காலையில் எடுத்த நீருக்குத் தீர்ப்பு திங்களோ செவ்வாயோதான் வரும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குளித்துவிட்டு வீடு திரும்பியிருக்கும். அதற்குள் கடலும் வேறு கடலாகியிருக்கும்.

ஏனென்றால் கடல் ஓயாமல் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. முதல் கருவி வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை நேரடியாகச் சிதைக்கிறது. தெளிந்த நீரில் நடுப்பகல் வெயில் பட்டால் மல பாக்டீரியாக்களில் பத்தில் ஒன்பது பங்கு சில மணி நேரத்தில் செத்துவிடும்; இரவில் அதே வேலைக்கு நாட்கணக்கில் ஆகும். எனவே காலை ஏழு மணிக்கு எடுத்த மாதிரியும் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்ததும் ஒரே இடத்தில் பல மடங்கு வேறுபடலாம். இரண்டாவது கருவி உப்பு. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புள்ள நீர் குடலில் பிறந்த உயிருக்குப் பெரும் வாதை. மூன்றாவது, பாக்டீரியாவைத் தின்று வாழும் ஒற்றைச் செல் உயிரிகள். இரவு பகல் பார்க்காமல் மேய்பவை அவை.

வடகிழக்குப் பருவமழை வரும்போது இந்தக் கருவிகள் மழுங்கிப் போகின்றன. மேகம் வெயிலை மறைக்கிறது. ஆற்று வண்டல் நீரைக் கலக்கிப் புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் தடுக்கிறது. நன்னீர் வந்து உப்பைக் குறைக்கிறது. ஊரின் கழிவெல்லாம் அடித்துக்கொண்டு வருவதும் அதே வாரங்களில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் நான் மிகவும் அஞ்சுவது இந்தச் சேர்க்கையைத்தான்.

எண்ணூர் முகத்துவாரத்தில் இது கண்முன் நடக்கிறது. கொசஸ்தலையாறு பூண்டி ஏரியைத் தாண்டி இங்கே கடலில் விழுகிறது. சென்னைக்குள்ளிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் இங்கே வந்து சேர்கிறது. ஓதம் வற்றும்போது உள்ளே இருந்த நீர் கடலுக்குப் பாய்கிறது. அது உப்புக் குறைந்த, லேசான நீர். உடனே கலந்துவிடாமல் கடலின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. முழங்கால் அளவிலும் இடுப்பளவிலும் நின்று குளிப்பவர்கள் அந்தப் படலத்துக்குள்தான் நிற்கிறார்கள். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. அங்கே கடல் எல்லாவற்றையும் அடித்துக் கலக்கிவிடும். நம் கரையில் ஓத வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். கலப்பு மெதுவாகவே நடக்கும்.

படலம் எந்தப் பக்கம் போகும்? தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்பார்கள். கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் பெரும்பாலும் தெண்டி. அப்போது அடையாற்றின் நீர் பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் சாயும். மழைக்காலத்தில் வன்னி வந்தால் அதே நீர் பெசன்ட் நகர் பக்கம் திரும்பும். எண்ணூர் நீர் திருவொற்றியூர்க் கரையைத் தொடும். முகத்துவாரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம், இது எந்த மாதம் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதும் இந்த நீரோட்டத்தால்தான். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அதில் தடுக்கித் தெற்கே குவிந்தது, மெரினா விரிந்தது. மணல் கிடைக்காத ராயபுரம், எண்ணூர் பக்கம் கடல் கரையை அரித்தது. இன்று எண்ணூர் சாலையோரம் நீளமாகக் கிடக்கும் கருங்கற்கள் அந்தக் கதையின் மிச்சம். வடக்கே இருப்பவர்கள் குளிக்க மணல் தேடி மெரினாவுக்கு ரயிலேறுவதில் வரலாற்று நியாயம் ஒன்று இருக்கிறது.

குவிந்த மணலும் சும்மா கிடப்பதில்லை. வெயில் படாத ஈர மணலுக்குள் மல பாக்டீரியாக்கள் ஒளிந்து வாழ்கின்றன. பல கடற்கரைகளில் அருகிலுள்ள நீரைவிட மணலில் அவை பல மடங்கு அதிகம். ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கும் நாளில் அவை கிளம்பி நீருக்கு வருகின்றன. நீருக்கே இறங்காமல் மணல் வீடு கட்டும் பிள்ளையும் சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஈ.கோலை உப்பில் சீக்கிரம் செத்துவிடுகிறது என்பதில் ஒரு சிக்கலும் உண்டு. அதோடு வந்த வைரஸ்கள் அதைவிட நெடுநாள் தாங்கலாம். சுட்டுயிரி செத்துவிட்டது, நோய் உயிரோடிருக்கிறது. இதைச் சரிசெய்ய அமெரிக்காவில் விக்டர் கபெல்லி என்ற ஆய்வாளரின் குழு 1970களில் நேர்வழியில் இறங்கியது. நியூயார்க் போன்ற ஊர்களின் கடற்கரைகளுக்கு வந்தவர்களிடம் யார் தலை முழுகினார்கள் என்று கேட்டு, சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து வயிற்றுக் கோளாறு வந்ததா என்று விசாரித்தார்கள். நோயோடு மிக நன்றாகப் பொருந்தியது ஈ.கோலை அல்ல, உப்பைத் தாங்கும் இன்னொரு குடல் பாக்டீரியாவான என்டெரோகாக்கஸ். 1986-ல் அமெரிக்கா கடலுக்கு 100 மில்லிக்கு 35 என்ற என்டெரோகாக்கஸ் அளவை ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 2003-ல் ஆபத்தைச் சாத்தியக்கூறாகவே சொன்னது: மாதிரிகளில் 95 சதவீதம் 40-க்குள் இருந்தால் குளிப்பவருக்கு வயிற்று நோய் வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, அந்த எண் 500-ஐத் தாண்டினால் 10 சதவீதத்துக்கும் மேல். 2021-ல் தூய கடற்கரைக்கான நீலக்கொடிச் சான்று பெற்ற நம் கோவளம் கடற்கரையும் இந்த இரண்டு பாக்டீரியாக்களுக்கும் தேர்வு எழுதித்தான் அதைப் பெற்றது.

குமிழி காட்டாத ஆபத்துகளும் உண்டு. தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இந்தக் கரைக்கு அவை மிக முக்கியம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியது, பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை வந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு கடலுக்கடியில் அமோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. இந்த நாட்களில் மலக் கோலிஃபார்ம் சுழியமாக இருந்திருந்தாலும் நீரில் இறங்கியிருக்கக் கூடாது.

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வேறு வழியாக வருகின்றன. குளிக்கும் நேரத்தில் தோல் வழியே அவை உள்ளே போவது மிகக் குறைவு. ஆனால் கழிமுகத்தின் சிப்பி, ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீரைச் செவுளில் வடிகட்டி உணவெடுக்கிறது. நம் கரையின் சிப்பி இனத்துக்கு நெடுநாள் வழங்கிவந்த அறிவியல் பெயரே கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். சென்னை அதன் பெயரிலேயே இருக்கிறது. நீரில் அளக்க முடியாத நுண்ணளவு உலோகமும் மாதக்கணக்கில் அதன் சதையில் சேர்ந்து அளக்கத்தக்கதாகிவிடும். 1970களிலிருந்து உலகெங்கும் சிப்பிகளையே காவலர்களாக வைத்துக் கடலைக் கண்காணிக்கிறார்கள்.

நீர் எவ்வளவு சுத்தமானாலும் உயிரை எடுக்கக்கூடிய ஒன்று மெரினாவிலும் பழவேற்காட்டிலும் இருக்கிறது: இழுப்பு நீரோட்டம். அலைகள் கரையில் குவிக்கும் நீர் திரும்பிப் போக ஒரு குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பாதையில் அலை உடையாது. சுற்றிலும் நுரைக்க அங்கே மட்டும் அமைதியாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர் பாதுகாப்பென்று நினைத்து அங்கேயே இறங்குவார். வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதுண்டு. ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாது. கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் சில பத்து மீட்டரில் பிடி விட்டுவிடும். மெரினாவில் காவல்துறை குளிக்கத் தடை விதித்திருப்பதற்குக் காரணமும் கடலின் இந்த இழுப்புதான்.

இப்போது கடலின் பதில் வேகமாக வரத் தொடங்கியிருக்கிறது. பாக்டீரியா வளரும்வரை காத்திராமல் அதன் டி.என்.ஏ.வைப் பெருக்கி எண்ணினால் சில மணி நேரம் போதும். சிகாகோ நகரம் 2017 முதல் தன் ஏரிக்கரைகளில் தினமும் காலையில் மாதிரி எடுத்து அன்றைக்கே முடிவு சொல்கிறது. 2014-ல் மனிதக் குடல் பாக்டீரியாக்களுக்குள் வாழும் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. கிராஸ்ஃபேஜ் என்று பெயர். அது நீரில் இருந்தால் கழிவு மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்ததல்ல, மனிதர்களிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

சோதனைக்கு முன்பே கணிக்கவும் முடியும். எண்ணூருக்கு வேண்டிய விவரங்கள் நான்கு: எவ்வளவு மழை, பூண்டியிலிருந்து எத்தனை கன அடி திறந்தார்கள், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, நீரோட்டம் தெண்டியா வன்னியா. மழையும் பூண்டி நீர்த்திறப்பும் மழைக்காலத்தில் தினமும் செய்தியில் வருகின்றன; கடல் நிலவரத்தை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் வெளியிடுகிறது. நான்கையும் ஒன்றாகக் கோத்துக் கடற்கரையில் ஒரு பலகையில் எழுதுவதற்குப் புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதுவரை கலிபோர்னியாக்காரர்கள் பின்பற்றும் கணக்கு நமக்கும் பொருந்தும்: பெருமழை ஓய்ந்து 72 மணி நேரம் வரை முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் இறங்குவதில்லை. பூண்டியில் மதகு திறந்தார்கள் என்று செய்தி வந்த வாரத்தில், எண்ணூரில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு எந்த ஆய்வக அறிக்கைக்கும் காத்திராமல் பதில் சொல்லிவிடலாம்.